அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து: கேக் நிறங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேக்கை மூடும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிறம் கலப்பது பற்றித்தான். பெரும்பாலும் பெங்களூருவில் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கும் பெண்கள், கூடவே ஓரிரண்டு ஆண்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

அக்கா, ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு கேக் ஆர்டர் வந்திருக்கிறது. அந்த அம்மாவின் கூறைப்புடவை மாதிரியே அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர், மேல் அடுக்கு மயில்கழுத்து நிறத்தில் வேண்டுமாம். சிவப்பில் கறுப்பைக் கலந்து பார்த்தேன், அரக்கு வரவில்லை, சேறு மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்வது? (ஜெயநகர் வாசகி)

கறுப்பை எடுத்து அலமாரியில் வையுங்கள். ஜெல் (கூழ் மாதிரி கெட்டியான கேக் கலர்) கறுப்பு என்பது பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் சாயங்களைச் சேர்த்துச் செய்ததுதான், அதைச் சிவப்பில் விட்டால் சிவப்பு ஆழமாகாது, உயிர்தான் போகும். அரக்குக்குத் தேவை சிவப்பு, கொஞ்சம் பழுப்பு, துளி நீலம். கடைச் சிவப்பு ஜெல்கள் பலவும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தவை, அந்த ஆரஞ்சை அடக்கத்தான் அந்தத் துளி நீலம்.

இன்னொன்று, வெள்ளை ஃபாண்டன்டில் ஜெல் விட்டு அரக்கு செய்ய முயலாதீர்கள். அவ்வளவு அடர்த்திக்குப் போக நிறைய ஜெல் வேண்டும், அப்புறம் அது பிசுபிசுக்கும், கசக்கும், சாப்பிட்டவர்கள் பல் எல்லாம் சிவந்து போட்டோவுக்கு நிற்பார்கள். ரெடிமேடாக வரும் சிவப்பு ஃபாண்டன்டை வாங்கிக்கொள்ளுங்கள். 100 கிராம் சிவப்புக்கு 10 கிராம் சாக்லேட் ஃபாண்டன்ட் என்று தொடங்கிப் பிசையுங்கள். ரெடிமேட் சாக்லேட் ஃபாண்டன்ட் கிடைக்காவிட்டால் கோகோ பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம், ஆனால் கோகோ ஈரத்தை உறிஞ்சும், கூடவே ஒரு சிட்டிகை டால்டா தேய்த்துப் பிசையுங்கள். கடைசியில் நீல ஃபாண்டன்ட் ஒரு பட்டாணி அளவு. அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னும் போதவில்லை என்று தோன்றும், தோன்றட்டும். க்ளிங் ராப்பில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு மறுநாள் காலை எடுத்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிட அடர்த்தியாக இருக்கும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றுமே இப்படித்தான், ஒரு ராத்திரி ஊறினால்தான் முழு நிறம் காட்டும். ஆர்டருக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து நிறம் கலப்பவர்கள்தான் ஜெல்லை அரை பாட்டில் கொட்டுகிறார்கள்.

மாம்பழ மஞ்சள் சுலபம். லெமன் யெல்லோ தனியாகப் போட்டால் லேசாகப் பச்சை அடிக்கும், அதனால் அதோடு பல்குச்சி நுனியில் ஆரஞ்சு. அவ்வளவுதான். பார்டருக்கும் உடம்புக்கும் நடுவே சந்தன நிறத்தில் ஒரு மெல்லிய கோடு வைத்தால் எடுப்பாக இருக்கும், அதற்கு வெள்ளையில் மஞ்சள் பொட்டளவு, பழுப்பு அதில் பாதி.

மயில்கழுத்துதான் விஷயமே. பட்டில் அந்த நிறம் ஏன் அப்படி மினுங்குகிறது? பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையுமாகப் பின்னி நெய்ததால், மடிப்பு திரும்பும்போது ஒன்று மறைந்து இன்னொன்று தெரிகிறது. ஒரே நிறமாகக் கலந்த ஃபாண்டன்டில் இது வரவே வராது, எத்தனை சொட்டு கூட்டினாலும் குறைத்தாலும் அது வெறும் பச்சைநீலம்தான். வழி இதுதான்: அடிப்படையை ராயல் ப்ளூவில் கொஞ்சம் பச்சை சேர்த்துச் செய்து, விரித்து, மடிப்பு எடுத்து வைத்து, மேல்புறம் காய்ந்ததும் பச்சை நிற எடிபிள் டஸ்டை (சாப்பிடக்கூடிய நிறப் பொடி) உலர்ந்த பிரஷ்ஷில் தொட்டு, மடிப்பின் மேடான இடங்களில் மட்டும் தேய்த்துவிடுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள். கேக்கைச் சுற்றி நடந்தால் நிறம் மாறுவது தெரியும். எம்.எஸ். ப்ளூ கேட்பவர்களுக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம், ராயல் ப்ளூவிலேயே அடர்த்தியாகக் கலந்து ஒரு ராத்திரி விட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நிறத்தை ஒப்பிடப் புடவையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நிறம். பார்டரோடு சேர்ந்த பிளவுஸ் துணி ஒரு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். அதையும் ஃபாண்டன்டையும் பக்கத்தில் வைத்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சமையலறையில் மஞ்சள் எல்.இ.டி. பல்பு இருந்தால் அதன் கீழே எல்லாமே மாம்பழ மஞ்சள்தான்.

சாதாரண ஃபுட் கலரை ஊற்றிப் பிசைந்தேன், கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. காப்பாற்ற முடியுமா? (மாரத்தஹள்ளி வாசகி)

கேசரிக்குப் போடும் தண்ணீர் கலரா? ஃபாண்டன்டுக்கு அது ஆகாது. ஃபாண்டன்ட் என்பதே சர்க்கரை, தண்ணீர் பட்டால் கரையும். ஐசிங் சுகரைத் தூவித் தூவிப் பிசையுங்கள், அரை மணி நேரம் மூடி வையுங்கள், கொஞ்சம் தேறும். தேறாவிட்டால் அதில் வெள்ளை ஃபாண்டன்டைச் சேர்த்து வெளிர் நிறமாக்கிப் பூவுக்கோ இலைக்கோ பயன்படுத்துங்கள், கேக்கை மூட வேண்டாம். இனிமேல் ஜெல், அதுவும் பல்குச்சியால் தொட்டு. தொட்ட குச்சியைத் திரும்ப பாட்டிலுக்குள் விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சி. உள்ளே போகும் சர்க்கரைத் துணுக்கில் பூஞ்சை பிடிக்கும்.

வாடாமல்லி நிறத்தில் பூக்கள் செய்து ஜன்னல் பக்கம் காய வைத்திருந்தேன். இரண்டு நாளில் நீலமாகிவிட்டது. கலர் போலியா? (பனசவாடி வாசகி)

போலி இல்லை, வெளிச்சம். உங்கள் ஊதா இரண்டு சாயங்களின் கூட்டு, ஒன்று பிங்க், ஒன்று நீலம். பிங்க் சாயங்களில் பல வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுக்கும், நீலம் அப்படியே நிற்கும், ஆக மிஞ்சியது நீலம். வெயில்தான் என்றில்லை, டியூப்லைட்டுக்குக் கீழே நாள் முழுவதும் இருந்தாலும் நடக்கும். காயும் பூக்களை மூடிபோட்ட அட்டைப் பெட்டியில், காற்று போக இரண்டு ஓட்டை போட்டு, இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், காயாது. கலக்கும்போதே பிங்க்கைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்வதும் நல்லது.

சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தால் ஊதா என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி இறங்காதீர்கள், இதையும் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு ஜெல்லில் ஒளிந்திருக்கும் மஞ்சள் நீலத்தோடு சேர்ந்து பழுப்பாக்கிவிடும். பிங்க்கும் நீலமும்தான் ஊதா தரும், பிங்க் அதிகமானால் வாடாமல்லி, நீலம் அதிகமானால் கத்தரிப்பூ.

நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் அபார்ட்மென்டில் 80 குக்கீ கேட்டிருக்கிறார்கள், மேலே மஞ்சள் கீழே சிவப்பு. போன வருடம் செய்தபோது சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்துவிட்டது. ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தேன், அப்படியும். (ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர்)

ஃப்ரிட்ஜில் வைத்ததால்தான் சார். குளிர்ந்த ஃபாண்டன்டை வெளியே எடுத்ததும் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து வியர்க்கும், அந்த நீரில் மேலோட்டமாக இருக்கும் சாயம் கரைந்து பக்கத்து நிறத்துக்கு ஓடும். நவம்பர் முதல் வாரம் நம் ஊரில் மழை இருக்கலாம், இல்லாவிட்டாலும் காற்று ஈரமாகத்தான் இருக்கும். குக்கீக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? வெண்ணெய் பிஸ்கட்டும் சர்க்கரை மாவும் வெளியே டப்பாவில் நன்றாகவே இருக்கும்.

சிவப்பை அக்டோபர் 29-ம் தேதியே கலந்துவிடுங்கள், ரெடிமேட் சிவப்பானால் இன்னும் நல்லது. 250 கிராமுக்கு அரை டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் சேர்த்துப் பிசைந்தால் சீக்கிரம் இறுகும். 30-ம் தேதி மஞ்சளையும் சிவப்பையும் தனித்தனியாக விரித்து, குக்கீ வெட்டிய அதே கட்டரால் வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக்கித் தனித்தனி தட்டில் ஃபேன் காற்றில் காய விடுங்கள். தொட்டால் கையில் நிறம் ஒட்டாத நிலை வந்த பிறகு, 31-ம் தேதி, குக்கீ மேல் துளி ஜாம் தடவி ஒட்டுங்கள், தண்ணீர் தடவ வேண்டாம். விளிம்புகள் தொட்டுக்கொண்டிருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. குக்கீ முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லைதானே?

கேக் வேறு கதை. உள்ளே க்ரீம் இருந்தால் ஃப்ரிட்ஜ் தவிர்க்க முடியாது. அட்டைப் பெட்டியோடு வையுங்கள், எடுத்த பிறகு பெட்டியைத் திறக்காமல் குளிர் போகும்வரை அப்படியே விடுங்கள், ஈரம் பெட்டி மேல் படியும், கேக் மேல் படியாது. அப்படியும் வியர்த்தால் துடைக்காதீர்கள், ஃபேனைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். துடைத்த இடமெல்லாம் திட்டு விழும். ஃப்ரெஷ் க்ரீம் பூசி அதன் மேல் அடர் நிற ஃபாண்டன்ட் கேட்பவர்களிடம் முடியாது என்றே சொல்லிவிடலாம், க்ரீமின் ஈரம் கீழேயிருந்து ஏறும். கனாஷ் (சாக்லேட்டை க்ரீமில் உருக்கிய பூச்சு) அல்லது பட்டர்க்ரீம்தான்.

கேக்கில் கலர் போட்டால் கேன்சர் என்று செய்தி வந்ததிலிருந்து என் வாடிக்கையாளர்கள் கேள்வி மேல் கேள்வி. அவர்களுக்கு என்ன சொல்வது? கோல்டு டஸ்ட் போடலாமா? (அல்சூர் வாசகி)

அந்தச் செய்தியை முழுதாகப் பார்ப்போம். 2024 அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பேக்கரிகளில் எடுத்துச் சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12-ல் செயற்கை நிறங்கள் ஆபத்தான அளவில் இருந்தன என்றார்கள், மீதி 223 பாதுகாப்பானவை. ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் பெயர்கள் குறிப்பாக அடிபட்டன. அந்தச் செய்தியில் பெயர் வந்த டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் எல்லாம் நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறங்கள்தான், பிரச்சினை அளவில். அதே வருடம் மார்ச்சில் பஞ்சு மிட்டாயில் பிடிபட்ட ரோடமின் பி வேறு ஜாதி, அது துணிக்குப் போடும் சாயம், உணவில் எந்த அளவிலும் கூடாது. வாடிக்கையாளரிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களும் அளவோடு போடுங்கள், முழு கேக்கையும் கருஞ்சிவப்பில் மூடுவதற்குப் பதில் வெள்ளையில் மூடி வேலைப்பாட்டை மட்டும் சிவப்பில் செய்யலாம் என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள், பார்க்கவும் அதுதான் அழகு, இது என் கட்சி.

வாங்கும் பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும், உள்ளே என்ன சாயம் என்று எழுதியிருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும். சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்றி, லேபிள் இல்லாமல் சல்லிசாக விற்பதைத் தொடாதீர்கள். சைவ வீட்டு ஆர்டர் என்றால் பச்சைப் புள்ளியைப் பாருங்கள், சில சிவப்புகளில் இருக்கும் கார்மைன் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது, சில ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கும். எக்லெஸ் என்று சொல்லிவிட்டு ஜெலட்டின் போட்டதைக் கொடுத்தால் பிறகு பதில் சொல்ல முடியாது.

கோல்டு டஸ்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ‘நான் டாக்சிக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. ‘எடிபிள்’ என்று எழுதி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் இருந்தால்தான் வாங்கலாம். 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள், ரோஸ் கோல்டு நிறத்துக்காகப் பூசிய டஸ்டில் இருந்தது செம்புத் தூள். அலங்காரத்துக்கென்றே விற்கும் டஸ்டை கேக்கிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய பொம்மைகளில்கூட நான் போடுவதில்லை, எந்தக் குழந்தை பொம்மையைக் கழற்றி நக்காமல் இருந்திருக்கிறது? நல்ல டஸ்டை ஜரிகைக் கோடு போட வேண்டுமென்றால் தண்ணீரில் குழைக்காதீர்கள், ஃபாண்டன்ட் கரையும். ஆல்கஹால் அடிப்படையிலான லெமன் எக்ஸ்ட்ராக்டில் குழைத்தால் சட்டென்று உலரும். அது வேண்டாம் என்னும் வீடுகளுக்குப் பார்டர் இடத்தில் மெல்ல டால்டா தடவி உலர்ந்த டஸ்டைத் தேய்த்துவிடலாம், கோடு அவ்வளவு கூர்மையாக வராது, பரவாயில்லை.

என் பெண்ணின் முதல் பிறந்தநாளுக்குச் செயற்கை நிறமே இல்லாமல் செய்ய ஆசை. பீட்ரூட் சாறு விடலாமா? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

சாறு வேண்டாம், பொடி. பீட்ரூட் பொடி, பாலக் பொடி, மஞ்சள்தூள், கோகோ, சங்குப்பூ பொடி. எல்லாவற்றையும் நன்றாகச் சலித்து, ஒரு ஸ்பூன் கிளிசரினில் குழைத்துப் பிசையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். ஃபாண்டன்டில் சூடு இல்லாததால் பீட்ரூட் நிறம் தாங்கும், கேக் மாவில் போட்டு அவனில் வைத்தால்தான் பழுப்பாகும். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும், வீட்டில் ஃபாண்டன்ட் செய்பவர்கள் எலுமிச்சைச் சாறு சேர்த்திருந்தால் அதை நினைவில் வையுங்கள், ஊதாவே வேண்டுமென்றால் வசதியும்கூட. மஞ்சள்தூள் மிகக் கொஞ்சம், வாசனை தூக்கும், வெயிலில் வெளுக்கவும் செய்யும். இவற்றில் வெளிர் நிறங்கள்தான் கிடைக்கும், பளீர் சிவப்பு கிடைக்காது. ஒரு வயதுக் குழந்தைக்கு வெளிர் ரோஜா நிறம் போதாதா?

பாட்டி பொம்மை ஒன்று கேட்கிறார்கள். கடையில் ‘ஸ்கின் கலர்’ ஜெல் வாங்கினேன், பாட்டி லண்டன் பாட்டி ஆகிவிட்டார். (மல்லேஸ்வரம் வாசகி)

அந்த பாட்டிலைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். யாருடைய ஸ்கின் அது? நம் வீட்டுப் பாட்டிகளில் அந்த நிறத்தில் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். வெள்ளை ஃபாண்டன்டும் சாக்லேட் ஃபாண்டன்டும்தான் அடிப்படை, மாநிறத்துக்கு நாலுக்கு ஒன்று என்று ஆரம்பித்து, பாட்டியின் போட்டோவைப் பார்த்துக் கூட்டுங்கள். அத்தோடு விட்டால் உயிரில்லாத மண் நிறமாக இருக்கும், அதில் மஞ்சள் ஒரு பல்குச்சி நுனி, சிவப்பு அதிலும் பாதி சேருங்கள், முகம் வந்துவிடும். காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும், அதனால் ஒரு படி வெளிறலாகவே நிறுத்துங்கள். கன்னத்திலும் கைவிரல் மடிப்பிலும் பழுப்பு டஸ்டை லேசாகத் தேய்த்தால் சுருக்கம் வரும். வாடிக்கையாளர் ‘கொஞ்சம் சிவப்பாப் பண்ணுங்க’ என்று சொல்வார்கள், போட்டோ மாதிரிதான் செய்வேன் என்று சொல்லுங்கள். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நரைமுடிக்கு வெள்ளையில் கறுப்பு மிகமிகக் கொஞ்சம். சாம்பல் ஊதா அடித்தால் குண்டூசித் தலை அளவு மஞ்சள் போட்டால் சரியாகும்.

கேக்கில் பாதி மூடும்போது நிறம் தீர்ந்துபோய், திரும்பக் கலந்ததும் வேறு நிறம் வந்துவிட்டது. எவ்வளவு கலக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? (ஃப்ரேஸர் டவுன் வாசகி)

8 அங்குல வட்ட கேக், 4 அங்குல உயரம் என்றால் விட்டத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள், 16 அங்குலம், விளிம்புக்கு இன்னும் ஒரு அங்குலம், ஆக 17 அங்குல விட்டத்துக்கு விரிக்க வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ வரும், அதனால் ஒரு கிலோவாகக் கலந்துகொள்ளுங்கள். மிச்சத்தில் அடிப்பட்டை, பூ, எழுத்து எல்லாம் செய்யலாம், நன்றாகச் சுற்றி வைத்தால் அடுத்த ஆர்டருக்கும் ஆகும்.

கிலோ முழுவதிலும் ஜெல்லை விட்டுத் தேய்த்துக் கை ஓயாதீர்கள். 50 கிராம் உருண்டையில் மிக அடர்த்தியாக நிறம் ஏற்றிக்கொள்ளுங்கள், தோசை மாவில் பழைய மாவு கலப்பது மாதிரி அதைக் கிள்ளிக் கிள்ளி வெள்ளையில் சேருங்கள். ஒவ்வொரு கிள்ளலையும் தராசில் வைத்து கிராம் கணக்கில் நோட்டில் எழுதுங்கள், சொட்டுக் கணக்கு திரும்ப வராது, கிராம் கணக்கு வரும். அந்த அடர் உருண்டையில் கொஞ்சம் மிச்சம் வைத்தால், நடுவில் தீர்ந்தாலும் அதே நிறத்துக்குத் திரும்பலாம். இப்போது தீர்ந்துபோயிருக்கும் கேக்குக்கு என்றால், இரண்டு நிறமும் சேரும் இடத்தில் ஒரு ரிப்பனைச் சுற்றிவிட்டு, மேல் பாதி வெளிர், கீழ் பாதி அடர்த்தி, டிசைனே அதுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.